கயிறும் ஏர்க்காலும்

சென்ற தை மாதத்தில் ஒருநாள் மாலை, என் மகளின் கைப்பேசிக்குக் கனடாவிலிருந்து நீண்டதொரு மடலும் நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. அனுப்பியவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இக்கொத்மலையில் என்னிடம் தமிழ் படித்த மாணவர். இப்பொழுது ஒன்ராறியோ மாகாணத்திற் சிம்கோ ஏரிக்கு அணித்தாகக் குடியிருக்கின்றார். நலம் வினவிய பின்னர் அவர் எழுதியிருந்தது இது: "ஐயா, படத்தில் இருக்கும் பொருளை நானே வீட்டிற் செய்தேன். இங்குள்ளவர்கள் இதனை டோ பார் என்கிறார்கள். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று என் மகன் கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை. தாங்கள்தான் சொல்லவேண்டும்."

படத்தை உற்று நோக்கினேன். வெண்பனி பரந்த வெளியில், படகு போன்ற ஒரு நெகிழித் தொட்டி கிடக்கின்றது. அதற்கு முன்னால் ஒரு பனியூர்தி நிற்கின்றது. இரண்டையும் இணைத்து நிற்பவை இரண்டு இரும்புக் குழாய்கள்.

அந்நாட்டில் மார்கழி, தை மாதங்களில் ஏரிகள் உறைந்து தரைபோல் இறுகிவிடும். மக்கள் அதன்மேல் நடந்து சென்று, துளைகருவியால் வட்டமாகத் துளையிட்டு, துளையின் அருகே அமர்ந்து தூண்டில் இடுவர். பேர்ச் என்னும் மீனும் ட்ரவுட் இனத்து மீனும் அங்கே அகப்படுமாம். (ட்ரவுட்டின் உறவினர் நமக்கும் புதியவர் அல்லர். வெள்ளைத் துரைமார் தம் தூண்டில் விளையாட்டுக்காக நுவரெலியாப் பக்கத்துச் சிற்றாறுகளிற் கொண்டுவந்து விட்ட மீன் அது.) கரையிலிருந்து மீன்பிடிக்கும் இடம் சில வேளை பல கல் தொலைவு. கூடாரம், அடுப்பு, துளைகருவி, தூண்டில்கள், பிடித்த மீன் எல்லாவற்றையும் சறுக்குவண்டியில் ஏற்றிப் பனியூர்தியின் பின்னால் இழுத்துச் செல்லவேண்டும். அவ்வாறு இழுப்பதற்குச் செய்த கோலுக்கே என் மாணவரின் மகன் பெயர் கேட்கின்றான்.

கயிறு கட்டி இழுத்தால் ஆகாதோ என்பதே எனக்கு முதலில் எழுந்த ஐயம். ஏட்டுக் கல்வியன்றிக் கைத்தொழில் அறியாத எவருக்கும் அதுதானே எழும்? முதலாண்டு தாமும் கயிறுதான் கட்டியதாக அவர் எழுதுகின்றார். ஊர்தி ஓடும்வரை கயிறு நன்றாக இழுத்தது. நிறுத்தியபோதுதான் தொல்லை தொடங்கியது. முன்னால் உள்ளது நின்றுவிட, பின்னால் வந்த சுமை நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே வந்து ஊர்தியின் பின்புறத்தில் மோதியது. திரும்பினால், வண்டி வால் வீசுவதுபோல் அகன்று சுழன்றது. வேகம் குறையுந்தோறும் கயிறு தளர்ந்து, ஒருமுறை ஊர்தியின் அடியில் ஓடும் வார்ப்பட்டையிற் சிக்கிக்கொண்டது. கொட்டும் பனியில், விறைத்த விரல்களோடு, அதனை அறுத்தெடுக்க ஒரு நாழிகை சென்றதாம்.

கயிறு இழுக்க வல்லது. தடுக்க வல்லது அன்று. கோலோ இரண்டும் வல்லது. நாம் இதனை எண்ணிப் பாராமைக்குக் காரணம் உண்டு. சமதரையில், கரடான தெருவில் இழுக்கும்போது, இழுப்பவன் நின்றால் சுமையும் தரையோடு உராய்ந்து தானே நின்றுவிடுகின்றது. அங்கே கயிற்றின் குறை வெளிப்படுவதில்லை. பனிக்கட்டியில் உராய்வு மிகக் குறைவு. மலைச்சரிவில் உராய்வு உண்டாயினும் சுமையின் நிறையே அதனைக் கீழே தள்ளுகின்றது. ஆகவே சிம்கோ ஏரிக்கும் கொத்மலைச் சரிவுக்கும் வேறு எவ்வகையிலும் ஒப்புமை இல்லையெனினும், இவ்வொன்றில் இரண்டும் உடன்பிறந்தவை.

இதனை எழுதும்போது எனக்கு வேறொரு காட்சி நினைவில் எழுகின்றது. ஈராண்டுகளுக்கு முன்னர், எங்கள் பாடசாலைக்குக் கீழேயுள்ள தோட்டத்துப் பாதையில் ஒரு பெரியவர், பழைய சக்கரங்களையும் பலகையையும் கொண்டு செய்த வண்டியில் மூன்று மூட்டை லீக்ஸ் ஏற்றி, அதனை ஒரு முச்சக்கர வண்டியின் பின்னால் நைலோன் கயிற்றாற் கட்டிக் கடைக்கு அனுப்பினார். தாம் மூட்டையின்மேல் ஒரு கையை வைத்தபடி பக்கத்தில் நடந்தார். ஏற்றத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. முடுக்கு திரும்பி இறக்கம் தொடங்கியதும், சுமை வண்டி முன்வண்டியை முந்த முயன்றது. கயிறு சக்கரத்தடியிற் புகுந்தது. வண்டி குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. அவரது இடுப்பெலும்பு முறிந்தது. நாற்பதாண்டுக் காலம் மலையில் முள்ளுக்குத்திய கைகள் இன்று லயத்து இஸ்தோப்பில் மடியின்மேல் கிடக்கின்றன. அன்று அங்கே கூடியவர்கள் கயிற்றின் தரத்தைப் பற்றிப் பேசினார்கள். "இன்னும் மொத்தமான கயிறாகக் கட்டியிருக்கலாம்" என்றார் ஒருவர். நானும் தலையசைத்தேன். ஓர் ஆள் உயரமான மரக்கொம்பு ஒன்று அவ்விடத்தில் இருந்திருந்தால் போதும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பண்டிதர் எனப் பெயர் பெற்ற எனக்கும் தோன்றவில்லை.

இம்மலைநாட்டுக்கு அவ்வறிவு புதியதோ என்றால், அதுவும் இல்லை. 1867ஆம் ஆண்டு கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வருமுன்னர், கோப்பி மூட்டைகள் மலையிலிருந்து மாட்டு வண்டிகளில் இறங்கின. இரட்டை மாட்டு வண்டிக்கு நீண்ட ஏர்க்கால் உண்டு. ஏற்றத்தில் மாடுகள் நுகத்தை முன்தள்ளி இழுக்கும். இறக்கத்தில் அதே ஏர்க்காலும் நுகமும் வழியாக, பின்னுந்தி வரும் வண்டியைத் தம் கழுத்தினால் தாங்கித் தடுக்கும். கயிற்றாற் கட்டிய வண்டியை எந்த மாடும் மலையிறக்கியதில்லை. வண்டியே செல்லவியலாத வழிகளில் மாட்டின் முதுகிலேயே பொதி ஏற்றினர். அப்பொதிமாட்டுக் கூட்டத்துக்குச் சிங்களத்தில் தவலம என்று பெயர். நம் பக்கத்துத் தவலந்தென்னையின் பெயரில் அச்சொல் இன்னும் ஒலிக்கின்றது; நாள்தோறும் அங்கே பேருந்து மாறும் எத்தனை பேர் அதனை நினைக்கின்றோம்?

இனி நூல்களுக்கு வருவோம். நம் முன்னோர் வண்டியை உறுப்பு உறுப்பாக அறிந்திருந்தனர். உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கின்றது. அதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலை தவறாத நெஞ்சுக்கு, நுகத்தின் நடுவே நிற்கும் பகலாணியை உவமையாக்கினார். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒளவையார், உமணர் தம் வண்டியின் அடியிற் கட்டிவைக்கும் சேம அச்சைத் தலைவன் ஒருவனுக்கு உவமை சொன்னார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கான அச்சு அது. திருவள்ளுவர் உருவத்தாற் சிறியாரை இகழற்க என்பதற்குத் தேரின் அச்சாணியைக் காட்டினார். இவர்கள் எல்லாரும் வண்டியைத் தொட்டுப் பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வழியில் அச்சு முறிந்து நின்ற உமணனைக் கண்டிராதவர்க்கு அவ்வுவமை தோன்றியிராது.

நான் இப்பாடல்களை முப்பதாண்டுக் காலமாகக் கற்பித்து வருகின்றேன். பண்டிதர் பரீட்சைக்குப் படித்த நாளில் உரையோடு நெட்டுருப் பண்ணினேன். "பகல் என்பது நுகத்தின் நடுவிலுள்ள ஆணி" என்று உறக்கத்திலும் சொல்வேன். ஆயினும் அவ்வாணி மேலிருந்து கீழாகச் செல்வதா, பக்கவாட்டிற் செல்வதா, எதனோடு எதனைப் பிணிக்கின்றது என ஒருவன் கேட்டால் விடை சொல்லத் தெரியாதவனாகவே இருந்தேன்.

ஒருவன் கேட்கவும் செய்தான். இன்று கனடாவிலிருந்து எழுதும் இவர்தான் அவர். பத்தாம் வகுப்பிற் பின்வாங்கில் இருந்தபடி, "ஐயா, அந்த ஆணி எப்படி இருக்கும்?" என்றார். நடுவில் இருக்கும் என்றேன். "அது தெரியும் ஐயா. கழற்றலாமா?" என்றார். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சினந்தேன். அவ்வாரமே, மீன்தகரத்திலும் பழைய செருப்பின் அடியிலும் அவர் செய்து வைத்திருந்த சிறு வண்டியொன்றை மேசைக்கடியிற் கண்டு பறித்து அலுமாரியிற் பூட்டினேன். ஆண்டிறுதியில் அதனைத் திருப்பிக் கொடுத்தேனா என்பது என் நினைவில் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. கொழும்பிற் கடைச்சிப்பந்தியாகிப் பின்னர் எவ்வாறோ கடல் கடந்தார். அவர் மடலில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பனியூர்தியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்கு நாணம் மிகுந்தது. அதனை உலகுக்குத் தந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1922இல், பதினைந்து வயதுச் சிறுவனாக, பழைய ஃபோர்டு காரின் இயந்திரத்தைச் சறுக்குப் பலகையிற் பூட்டி, பின்னால் விசிறி ஒன்று வைத்து ஓட்டினார். ஆபத்தென்று கண்ட தந்தையார் அதனைக் கழற்றிப் போடும்படி கட்டளையிட்டாராம். ஆயினும் அத்தந்தையார் மகனுக்குப் பின்னர் தொழிற்பட்டறை வைத்துக்கொடுத்தார். 1934இன் பனிக்காலத்தில், வழியெல்லாம் பனி மூடியிருக்க, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமல் பொம்பார்டியேயின் இளமகன் இறந்தான். அதன்பின் அவர் ஓயவில்லை. 1937இல் பனியில் ஓடும் பெரிய வண்டிகளை விற்பனைக்குச் செய்தார். 1959இல் ஒருவர் இருவர் ஏறும் சிற்றூர்தியும் வெளிவந்தது. கழற்றச் சொன்ன தந்தை பட்டறை கொடுத்தார். பறித்து வைத்த ஆசிரியன் என்ன கொடுத்தான்?

அது நிற்க. என் மாணவர் அந்தக் கோலை எவ்வாறு செய்தார் என்பதைச் சற்று விரித்துச் சொல்கின்றேன். இது நம் சரிவுகளுக்கும் பயன்படும் அறிவு.

ஏறக்குறைய ஐந்தடி நீளமான இரண்டு இரும்புக் குழாய்கள். அவற்றின் பின்முனைகள் வண்டியின் முன்பக்கத்தின் இரு மூலைகளிற் பொருந்துகின்றன, முன்முனைகள் ஒன்றுகூடுகின்றன. ஒற்றைக் குழாயை நடுவில் வைத்தால் வண்டி அதனைச் சுற்றிப் பக்கவாட்டில் ஆடும் என்பதாலேயே இக்கவை வடிவம். குழாயின் நுனிகளைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கி, துளையிட்டு, போல்ட் செலுத்தியிருக்கின்றார். (திருகாணி, சுரை என்று எழுத என் கை துடிக்கின்றது. எனினும் நம் பட்டறைகளில் எல்லோரும் போல்ட், நட் என்றே வழங்குகின்றனர். பட்டறைக்காரர் படிக்கவேண்டிய பகுதியை அவர் மொழியிலேயே எழுதுவது முறை.) போல்ட்டை முழுதும் இறுக்கிவிடலாகாது. மேடுபள்ளத்தில் வண்டி ஏறி இறங்குகையிற் கோலும் மேலுங்கீழும் அசையவேண்டும். அசைய இடமில்லாத கோல் வளையும், அல்லது வண்டியைப் பிய்க்கும். நட் கழன்றுவிடாமல் இருக்கப் பூட்டு நட் போட்டிருக்கின்றார்.

வண்டி நெகிழியாற் செய்யப்பட்டது. போல்ட்டை நேரே அதிற் செலுத்தினால் இழுக்கும் வலிமை முழுதும் சிறு துளையொன்றில் விழுந்து, துளை கிழிந்து பெரிதாகும். ஆகவே உட்புறத்தில் அகன்ற இரும்புத் தகடொன்றை வைத்து, அதன் வழியே போல்ட்டை முடுக்கியிருக்கின்றார். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம்மவரின் வண்டிகள் பெரும்பாலும் முறிவது பலகையிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை. ஆணி இறங்கிய அந்த ஒரு துளையிலேயே முறிகின்றன.

முன்னால், இரு குழாய்களும் கூடும் இடத்திற் சிறு சுருள்வில் ஒன்று. ஊர்தி திடுமெனப் புறப்படும்போது உண்டாகும் வெட்டினை அது விழுங்கிக்கொள்ளும். அதற்கும் முன்னால், ஊர்தியின் கொளுவியோடு கோலைப் பிணிக்கும் ஓர் ஆணி. மேலிருந்து கீழாகச் செல்லும் ஆணி. அது துள்ளி விழுந்துவிடாதபடி அதன் அடித்துளையிற் கொண்டையூசி போன்ற கம்பி. பனி மெலிந்த இடத்திற் கால் வைத்துவிட்டால் ஒரே இழுப்பிற் கழற்றி, வண்டியை விட்டு விலகவேண்டும் என்பதற்காகவே ஆணியை எளிதிற் கழற்றும்படி வைத்தாராம். கழற்றலாமா என்று அன்று கேட்டவருக்கு விடை சொல்ல நான் தேவைப்படவில்லை.

கோலின் நீளத்துக்கும் அளவுண்டு. குறுகினால் திரும்பும்போது வண்டியின் மூலை ஊர்தியில் இடிக்கும். ஊர்தி வாரியிறைக்கும் பனி முழுதும் வண்டிக்குள் விழும். மிக நீண்டால் வளைவிலே வண்டி குறுக்கே வெட்டிச் செல்லும்.

வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் தம் கமுட்டிக் என்னும் சறுக்குவண்டியின் குறுக்குப் பலகைகளை ஆணியடித்துப் பொருத்துவதில்லை, வாரினாற் கட்டுகின்றனர். கட்டு நெகிழ்ந்து கொடுப்பதாற் கரடான பனியில் வண்டி பிளப்பதில்லை. ஸ்கண்டிநேவிய நாடுகளிற் பனிச்சறுக்கிற் செல்வோர் புல்க் என்னும் சிறு வண்டியை இடுப்பிற் பூட்டி இழுப்பர். அதற்கும் கயிற்றுக்குப் பதிலாக இரண்டு கோல்கள் வைப்பதுண்டு. இறக்கத்தில் வண்டி காலில் வந்து இடிக்காதிருக்கவே அவ்வேற்பாடு.

பெயரைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். நண்பராகிய தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "இழுவைச் சட்டம்" என்றார் உடனே. நாடாளுமன்றத்தில் எப்பொழுது நிறைவேறியது என்று கேட்கத் தோன்றியது. மற்றொருவர் "கர்ஷண தண்டம்" என்றார். அவருக்கு நான் விடை கூறவில்லை. 1950களிலும் 1960களிலும் நம் நாட்டில் அறிவியலைத் தமிழிற் கற்பிக்கும் பொருட்டுச் சொற்றொகுதிகள் பல வெளிவந்தன; அவற்றாற் பயன் பெற்றவர்களுள் யானும் ஒருவன். ஆயினும் ஒரு குறையை மறைத்தற்கில்லை. மேசையிலிருந்து பிறந்த சொல் மேசையோடு நின்றுவிடுகின்றது. பொருளைச் செய்பவன் கையில் ஏறாத சொல்லைப் பரீட்சைத் தாள் ஒன்றே தாங்கி நிற்கின்றது. பரீட்சை முடிந்த மாலையில் அது இறந்துவிடுகின்றது. ஏர்க்கால், நுகம், அச்சு, கடையாணி, பூட்டாங்கயிறு முதலியவை இரண்டாயிரம் ஆண்டு நின்றது அகராதியால் என நான் நம்பவில்லை. வண்டி செய்தவனும் ஓட்டியவனும் அச்சொற்களை நாளும் கூவி அழைத்தார்கள். வண்டி போயிற்று, சொல்லும் போயிற்று. இப்பொழுது அச்சொற்களை மீட்க விரும்பும் நாம், வண்டி செய்யும் பையனை வகுப்பிலிருந்து விரட்டுகின்றோம்.

இங்கே சிலர் மறுப்பர். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை இன்னும் சுமைவண்டியா செய்யவேண்டும், அவன் எழுத்தறிந்து உத்தியோகம் பெறவேண்டாமா என்பர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. கூடையும் கத்தியும் அன்றி வேறெதுவும் தம் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும் என்பதற்காகவே நம் தாய்மார் அட்டைக்கடியில் நின்று கொழுந்து பறித்தார்கள். அவர்களிடம் சென்று, உன் மகன் சம்மட்டி பிடிக்கட்டும் என்று சொல்ல எனக்கு நா எழாது. நான் கேட்பது அதுவன்று. சம்மட்டி பிடிக்கத் தெரிந்த பிள்ளையை மூடன் என்று சொல்லவேண்டாம் என்பதே. உயர்தர வகுப்பில் 2013இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அது இம்மலைகளில் எல்லாப் பாடசாலைகளுக்கும் எட்டிவிடவில்லை. எட்டும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. பட்டினப்பாலை நடத்தும் தமிழாசிரியன் ஒரு மரக்கொம்பையும் ஓர் ஆணியையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லத் திணைக்களத்தின் சுற்றறிக்கை வேண்டியதில்லை.

நான் கொண்டுசென்றேன். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பில் அப்படங்களைக் காட்டி, இதுபோல் ஒன்று நம் பாதைக்குச் செய்யமுடியுமா என்றேன். ஏழு பிள்ளைகள் எழுந்தார்கள். அவருள் இருவர் பெண்பிள்ளைகள். இடுப்பு முறிந்த பெரியவரின் வண்டி இன்னும் லயத்தின் பின்புறத்திற் கிடந்தது. கழித்துப்போட்ட தண்ணீர்க் குழாய் இரண்டைத் தோட்டத்துப் பட்டறையிற் கேட்டு வாங்கினோம். முதல் முயற்சியிற் கோல் குறுகிவிட்டது. திரும்பும்போது முச்சக்கர வண்டியின் பின்தகடு நசுங்கி, அதன் சொந்தக்காரருக்கு நான் ஈடு கொடுக்க நேர்ந்தது. இரண்டாம் முயற்சியில் ஆணிக்குக் கம்பி இட மறந்தார்கள், முடுக்கிற் கழன்றது. நல்லவேளையாக வண்டியில் அன்று சுமை இல்லை. மூன்றாம் முறை, நான்கு மூட்டைகளோடு, பெரியவர் இஸ்தோப்பிலிருந்து பார்த்திருக்க, வண்டி இறக்கத்தில் முன்வண்டியோடு ஒட்டியபடியே மெல்ல இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி திரும்பி வந்ததும் பேரனின் தோளைப் பிடித்தபடி எழுந்து வந்து, அந்த ஆணியைக் கழற்றி, மறுபடி செருகிப் பார்த்தார்.

என் மாணவருக்கு அன்றிரவே விடை எழுதினேன். ஒற்றைக் கோலாயின் ஏர்க்கால் என்க. தாங்கள் செய்தது இரு குழாய் கூடியதாதலாற் கவை ஏர்க்கால் எனலாம். முன்னால் உள்ள ஆணியைப் பகலாணி என்றே வழங்கினால் உருத்திரங்கண்ணனார் மறுக்கமாட்டார் என்று எழுதினேன். அலுமாரியிற் பூட்டிய வண்டியைப் பற்றியும் எழுதினேன். அதற்கு அவர் விடை தரவில்லை. மகனிடமிருந்துதான் விடை வந்தது, தமிழ் எழுத்தில், சில பிழைகளோடு: ஏர்க்கால் என்ற சொல் தனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஏர் என்றால் என்ன?

தேயிலை மலையில் ஏர் ஓடுவதில்லை. எம் வகுப்புப் பிள்ளைகளும் அதனைக் கண்டவர்கள் அல்லர். சிறுவனுக்கு அனுப்புவதற்காகத் தாளில் ஒரு கலப்பையை வரைந்துகொண்டிருக்கின்றேன். கொழு பொருந்தும் இடம் இன்னும் சரிவரவில்லை.